மின்னலுக்கு ஒரு கம்பளி

உங்கள் ஸ்டேஷன் பூனை இப்போது சுருண்டு படுத்திருக்கும் அந்தத் திண்டு அசல் ஆட்டுக் கம்பளி. பூனை படுத்திருப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் யாராவது இரக்கப்பட்டு அதைச் சோப்புத் தூள் போட்டு அலசிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. வெந்நீர் பட்டால் கம்பளி சுருங்கும். சுருங்கினால் சேணத்துக்கு அடியில் மடிப்பு விழும். மடிப்பு விழுந்தால் குதிரையின் முதுகு புண்ணாகும். வெயிலில் காயப்போட்டு, பிரஷ்ஷால் நான்கு தட்டுத் தட்டினால் போதும். இதை முதலில் எழுதிவிட்டேன். இனி மற்றதை நிதானமாக எழுதலாம்.

சப்-இன்ஸ்பெக்டர் சிவசக்தி அவர்களே, "நடந்ததை எல்லாம் உங்க கையாலயே எழுதிக் குடுத்துருங்க டீச்சர், ஒண்ணையும் விட்றாதீங்க" என்று சொல்லி நான்கு தாள் கொடுத்தீர்கள். நான்கு போதாது. ஏழாம் வகுப்பில் உங்களுக்குக் கணக்கு எடுத்தபோது, விடையை மட்டும் எழுதாதே, படிப்படியாக எழுது என்று சொல்லிச் சொல்லி அலுத்தவள் நான். அதனால் படிப்படியாகவே எழுதுகிறேன்.

என் பெயர் மல்லிகா. ஏற்காட்டில் முப்பத்தோரு வருடம் ஆசிரியை வேலை, அதில் கடைசி ஆறு வருடம் தலைமையாசிரியை. என் கணவர் தவறியபோது மகன் நவீன் இரண்டாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தான். அன்றிலிருந்து நானும் அவனும்தான். அவன் இங்கே ஒரு ரிசார்ட்டில் வரவேற்பு மேனேஜராக இருக்கிறான். காலையில் மிளகு தட்டிப் போட்ட பால் கொடுத்துத்தான் அவனை எழுப்புவேன். வெந்நீர் விளாவி வைப்பேன். சட்டையையும் சாக்ஸையும் கட்டில்மேல் எடுத்து வைப்பேன். பனிக்காலத்தில் குரங்குத் தொப்பி இல்லாமல் வாசல் தாண்ட விடமாட்டேன். முட்டையை அவன் உரித்தால் பாதி வெள்ளைக்கரு ஓட்டோடு போய்விடும்; ஆகவே நான்தான் உரித்துக் கொடுப்பேன். மீனில் முள் எடுத்துத்தான் தட்டில் வைப்பேன். பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. எந்தத் தாயும் செய்வதுதான்.

அவன் கல்யாணத்துக்கு நான்தான் ஆரம்பத்திலிருந்தே குறுக்கே நின்றேன் என்று ஊரில் சிலர் பேசுவதாகக் கேள்விப்படுகிறேன். அது உண்மை இல்லை. அவனுக்குப் பெண் பார்க்கத் தொடங்கியதே நான்தான். முதலில் நான்கு இடங்கள் வந்தன. முதல் இடம் ராசிபுரம். அப்போதெல்லாம் எல்லார் கையிலும் செல்போன் வந்திருக்கவில்லை. பஸ் ஸ்டாண்டு பக்கத்து எஸ்.டி.டி. பூத்துக்குப் போய்ப் பேசினேன். பையனுக்குப் பனி ஒத்துக்கொள்ளாது, தும்முவான் என்பதை மறைக்காமல் சொன்னேன். எத்தனை நாளாக என்று கேட்டார்கள். பிறந்ததிலிருந்தே என்றேன். நுரையீரல் என்ற வார்த்தையை நான் சொன்னதாக நினைவில்லை. சொல்லியிருந்தாலும், தும்முகிறவனுக்கு நுரையீரல் இல்லை என்று யாரும் வாதாட முடியாது.

இரண்டாவது இடம் ஆத்தூர். பத்துப் பொருத்தமும் அமைந்துவிட்டது. அப்போதுதான் ஆஸ்பத்திரியில் பிரசவ அறைக் கடிகாரம் மெதுவாக ஓடியிருக்குமோ என்று எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. பிறந்த நேரத்தை நாற்பது நிமிடம் திருத்திக் கொடுத்தேன். லக்னம் மாறிப்போயிற்று. மூன்றாவது, நான்காவது இடங்களைப் பற்றி எழுத அதிகம் இல்லை. அந்தப் பெண்கள் நன்றாக வாழ்கிறார்கள். ஒருத்தியின் மகள் இந்த வருடம் பத்தாம் வகுப்புப் பரீட்சையில் நல்ல மதிப்பெண் எடுத்திருக்கிறாளாம்.

ஐந்தாவது இடத்தை நவீனே கொண்டுவந்தான். தயிர்ச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் தலையைத் தூக்காமல் சொன்னான்.

"அம்மா, எங்க ரிசார்ட் வாத்துகளுக்கு வைத்தியம் பாக்க ஒரு டாக்டரம்மா வர்றாங்கல்ல, அவங்களக் கட்டிக்கலாம்னு இருக்கறேன்."

அதுவரை அவன் சட்டைத் துணியைக்கூடத் தானாக எடுத்தவன் இல்லை. ஊறுகாய் வைக்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றான். அதுவும் புதிது.

நான் மறுக்கவில்லை. இந்த வரியைத் தயவுசெய்து அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். பெண்ணின் பெயர் கவிப்பிரியா, கால்நடை மருத்துவர். அப்பா வேலுசாமி சேலத்துக்காரர், இங்கே பஸ் ஸ்டாண்டு அருகில் ஹோட்டல் வைத்திருக்கிறார். நல்ல குடும்பம். பெண்ணுக்கு முப்பத்தைந்து வயது. என் பையன் பக்கத்தில் நின்றால் கொஞ்சம் மூத்தவளாகத் தெரிவாளோ என்று மட்டும் ஓர் உறுத்தல். அதையும் நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. பூ வைத்தார்கள், நாள் குறித்தார்கள், மண்டபம் பார்த்தார்கள். எல்லாவற்றுக்கும் சரி என்றே சொன்னேன்.

குதிரை யோசனை என்னுடையது அல்ல. அது வேலுசாமியுடையது.

"ஏனுங்க சம்பந்தியம்மா, எனக்கு இருக்கறது ஒரே புள்ள. மாப்ள கார்ல வந்து எறங்குனா எவன் திரும்பிப் பாப்பான்? குதிர மேல வரட்டுமுங்க. ஊரே பேசோணும்."

ஊர் பேசவேண்டும் என்று அவர் கேட்டார். இப்போது ஊர் பேசுகிறது. இதில் அவருக்குக் குறை இருக்க நியாயம் இல்லை என்பது என் தாழ்மையான கருத்து.

ஏரிக்கரையில் குதிரை விடுகிறவர்களில் சென்றாயன் ஒருவர். கிளியூர்க்காரர், ஐம்பது வயதிருக்கும், அதிர்ந்து பேசத் தெரியாதவர். அவருடைய குதிரைக்கு நெற்றியில் வெள்ளைக் கோடு ஒன்று கோணல்மாணலாக இறங்கும். அதனால் மின்னல் என்று பெயர். மலையிலேயே மெதுவாக நடக்கும் குதிரை அதுதான். மின்னல்மேல் ஏறிய குழந்தைகள் ஒரு சுற்று முடிவதற்குள் தூங்கிவிடும். கல்யாணத்துக்கு இதைவிட அடக்கமான குதிரை கிடைக்காது என்று எல்லாரும் ஒரே மனதாகச் சொன்னார்கள்.

கவிப்பிரியா மட்டும், "முதுகப் பாக்காம நான் ஒத்துக்க மாட்டனுங்க" என்றாள். நானும் அவளோடு போனேன். சேணத்தைத் தூக்கினாள். அடியில் ஒரு நகைக்கடை பிளக்ஸ் பேனரை வெட்டி மடித்துப் போட்டிருந்தது. பாதி முகத்தோடு ஒரு மணப்பெண் அதில் சிரித்துக்கொண்டிருந்தாள். அதற்குக் கீழே கோணிச்சாக்கு. அதற்கும் கீழே பஸ் சீட்டிலிருந்து வந்த நைந்த ஃபோம். எல்லாவற்றுக்கும் கீழே, முதுகெலும்புக்கு இரண்டு பக்கமும் உள்ளங்கை அகலத்துக்கு ரோமம் உதிர்ந்து, தோல் சிவந்து, புண்.

"இது சோம்பேறி இல்லீங்ணா. வலில நடக்குது" என்றாள் கவிப்பிரியா.

சென்றாயன் கிட்டே வந்து பார்த்தார். "பதினோரு வருசமா என்கிட்ட இருக்குதுங்க டாக்டரம்மா. ஒரு நாளு மூஞ்சியச் சுளிச்சதில்லீங்களே."

"குதிர மூஞ்சியச் சுளிக்காதுங்ணா. மெதுவா நடக்கும், அவ்வளவுதான்."

அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். வெகுநேரம் துடைத்தார். கவிப்பிரியா மருந்து எழுதிக் கொடுத்தாள். மூன்று வாரம் யாரும் ஏறக் கூடாது, அதற்குப் பிறகும் நல்ல கம்பளித் திண்டு போடாமல் சேணம் கட்டக் கூடாது என்றாள். "அப்புடி ஒண்ணு கெடைக்கலீன்னா உங்க மகன் நடந்தே வரட்டுங்க அத்தை" என்று என்னைப் பார்த்துச் சொன்னாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

கம்பளியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அங்கேயே சொல்லிவிட்டேன். வரப்போகும் மருமகளின் சொல்லை இவ்வளவு தட்டாமல் கேட்ட மாமியாரை நீங்கள் இந்த மலையில் பார்த்திருக்க மாட்டீர்கள்.

எதையும் பாதியில் விடுவது என் சுபாவம் இல்லை. நான்கு மாதிரிகளை வரவழைத்தேன். சேலத்தில் கார் சீட் தைக்கிற கடையிலிருந்து ரப்பர் ஃபோம். அதே தெருவில் பஞ்சு அடைத்துத் தைத்த மெத்தை. கம்பளி என்று சொல்லி ஒருவர் கொடுத்த ஒரு பஞ்சுபஞ்சான விரிப்பு. கடைசியாக, பெங்களூரில் பந்தயக் குதிரைகளுக்குச் சாமான் விற்கும் கடையிலிருந்து கூரியரில் வந்த ஒன்று. நான்கையும் ஒவ்வொன்றாக என் தொடைமேல் விரித்து, அதன்மேல் கிரைண்டர் குழவியைத் தூக்கி வைத்துக்கொண்டு அரைமணி நேரம் உட்கார்ந்து பார்த்தேன். குதிரைக்குப் பேச வராது. யாராவது ஒருவர் அதன் இடத்தில் இருந்து பார்க்கத்தானே வேண்டும்.

ஃபோம் பத்து நிமிடத்தில் அமுங்கிவிட்டது, சூடும் தாங்கவில்லை. பஞ்சு வியர்வையைக் குடித்து உள்ளேயே வைத்துக்கொண்டது. மூன்றாவதிலிருந்து ஓர் இழையைப் பிய்த்து நெருப்பில் காட்டினேன், உருகிச் சொட்டியது. அது கம்பளி இல்லை, பிளாஸ்டிக். பெங்களூர் இழை முடி பொசுங்கும் வாடையோடு கருகியது. அசல். ஒரு அங்குலக் கனம். அதற்கு மேல் போனால் சேணம் உருளும். நடுவில் முதுகெலும்பின்மேல் படாதபடி வாய்க்கால் போல் இடைவெளி விட்டுத் தைத்திருந்தார்கள். குழவியோடு முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். எழுந்திருக்கவே மனம் வரவில்லை. உங்கள் பூனையைக் கேட்டாலும் இதையேதான் சொல்லும்.

மூன்று வாரத்தில் புண் ஆறிவிட்டது. ஆனால் வெறும் தொடையில் பார்த்ததை வைத்து முடிவுக்கு வர முடியாது. காலை ஆறு மணிக்கு, நடமாட்டம் இல்லாத நேரத்தில், நாகலூர் ரோட்டில் குதிரையை நடத்திப் பார்ப்பது என்று நானும் சென்றாயனும் ஏற்பாடு செய்துகொண்டோம். பையனை ஏற்றிப் பார்க்க எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆகவே அவன் எடைக்குச் சரியாக இரண்டு மூட்டையில் மணல் கட்டினோம். பட்டு வேட்டிக்கும் மாலைக்குமாக இரண்டு கிலோ சேர்த்துக்கொண்டேன்.

முதல் மூன்று நாளும் மற்ற மூன்று மாதிரிகளைப் போட்டுப் பார்த்தோம்; எழுதும்படி எதுவும் இல்லை. நான்காம் நாள் பெங்களூர்க் கம்பளியைப் போட்டோம். மின்னல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. முதுகுத் தோலைச் சிலிர்த்துப் பார்த்தது. கழுத்தைத் திருப்பிச் சேணத்தைப் பார்த்தது. விடை சரியாக வந்துவிட்டதை நம்ப முடியாமல் திரும்பவும் நோட்டைப் பார்க்கும் பிள்ளைகளின் முகம் எனக்கு நினைவுக்கு வந்தது. அப்போது பின்னால் ஒரு ஜீப் ஹாரன் அடித்தது.

சென்றாயன் லுங்கியை மடித்துக் கட்டி முடிப்பதற்குள் குதிரை முதல் வளைவைத் தாண்டிவிட்டது.

நாங்கள் அடுத்து வந்த பஸ்ஸில் ஏறினோம். இரண்டு மூட்டையோடு ஒரு குதிரை தன் பஸ்ஸை உரசிக்கொண்டு பாய்ந்து போனதாக, வழியில் எதிரே வந்த பஸ்ஸின் கண்டக்டர் சொன்னார். நாகலூரில் இறங்கிப் பார்த்தால், ஒரு காபி எஸ்டேட் கேட் முன்னால் நின்று புல் மேய்ந்துகொண்டிருந்தது. அது பிறந்து வளர்ந்த எஸ்டேட் என்று சென்றாயன் சொன்னார். இரண்டு மூட்டையும் கட்டியது கட்டியபடி இருந்தன. கட்டியது நான். அது எனக்கு மிகுந்த மன நிம்மதியைக் கொடுத்தது.

ஒரு தடவை நடந்ததை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. இன்னும் இரண்டு நாள் பார்த்தோம். ஒரு நாள் நான் கை தட்டினேன். மறுநாள் எண்ணெய் டின் ஒன்றைக் கல்லில் போட்டேன். இரண்டு நாளும் நாகலூர்தான், அதே கேட்தான். சராசரி இருபத்து மூன்று நிமிடம்.

சென்றாயனுக்குக் கண் கலங்கிவிட்டது. "பதினோரு வருசம் இத நான் அழுத்தி வெச்சிருந்திருக்கறனுங்க டீச்சர்" என்றார். பிறகு சேணத்தைக் கழற்றிக்கொண்டே சொன்னார். "ஆனா கல்யாணத்தன்னிக்கு மட்டும் இது வேண்டாமுங்க. சுத்தமான சாக்கா நாலு மடிச்சுப் போட்டுக்கறனுங்க. பாதி மைலு தானுங்களே. பொறவு அது ஆயுசுக்கும் கம்பளிதான்."

நல்ல யோசனை என்றேன். கவிப்பிரியாவிடம் இதைச் சொல்லவில்லை. அவளுக்கு வேலை அதிகம்.

கல்யாணத்தன்று ஒன்பதிலிருந்து பத்தரை முகூர்த்தம். எட்டு மணிக்குப் பிள்ளையார் கோயிலிலிருந்து மாப்பிள்ளை அழைப்பு. ஏழரைக்கே மின்னலை மாலை போட்டு நிறுத்தியிருந்தார்கள். சேணத்துக்கு அடியில், சொன்னபடி, சலவை செய்த சாக்கு. சென்றாயன் விடியற்காலையிலிருந்து எதுவும் சாப்பிடவில்லை. பொங்கல் சூடாக இருக்கிறது, போய்ச் சாப்பிட்டு வாருங்கள், குதிரையை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அனுப்பி வைத்தேன். அவர் சாப்பிட்டு வருவதற்குள் சாக்கை எடுத்துவிட்டுக் கம்பளியைப் போட்டேன். வயிற்று வாரை எப்படி அவிழ்ப்பது, எத்தனையாவது துளையில் மாட்டுவது என்பதெல்லாம் அந்த ஆறு நாளில் எனக்குப் பழகியிருந்தது. மேலே ஜரிகை விரிப்பு போட்டிருந்ததால் வித்தியாசம் தெரியவில்லை. கவிப்பிரியா கம்பளி போடாமல் சேணம் கட்டக் கூடாது என்று சொல்லியிருந்தாள் என்பதை இங்கே மறுபடியும் நினைவுபடுத்துகிறேன்.

நவீன் பட்டு வேட்டியும் தலைப்பாகையுமாக வந்தான். தலைப்பாகை அவனுக்குப் பொருத்தமாக இருந்தது; முன்நெற்றியை நன்றாக மறைத்திருந்தது. ஏற்றி உட்கார வைத்தார்கள். அவனுடைய அங்கவஸ்திரத்தை இடுப்பைச் சுற்றிக் கொண்டுவந்து சேணத்தின் முன் வளையத்தில் நான் முடிந்தேன். காற்றில் பறக்கக் கூடாது என்று பக்கத்தில் நின்றவர்களிடம் சொன்னேன்.

பட்டாசு வெடித்தவர்கள் பெண் வீட்டு ஆட்கள். அதற்கும் எனக்கும் சம்பந்தம் இல்லை. சரத்தை எங்கே வைப்பது என்று கேட்டார்கள், நான் இடம் காட்டினேன், அவ்வளவுதான். மண்டபத்துக்கு இடது பக்கமும் நாகலூருக்கு வலது பக்கமும் ரோடு பிரிகிற இடம் அது. விசாலமான இடம், இடது பக்கமாக வைத்தால் நன்றாக இருக்கும் என்று எனக்குப் பட்டது.

முதல் வெடிக்கு மின்னல் காதை நிமிர்த்தியது. இரண்டாவது வெடிக்குச் சென்றாயன் கையிலிருந்த கயிறு போய்விட்டது. மேளக்காரர்கள் ஒதுங்கி வழி விட்டார்கள். நவீன் என் பக்கம் திரும்பி "அம்மா" என்றான்.

"குனிஞ்சுக்க கண்ணு, பலாமரத்துக் கெளை வருது" என்றேன்.

மணல் மூட்டைக்குத் தலை கிடையாது என்பதால் அந்தக் கிளையைப் பற்றி நான் முன்கூட்டி யோசிக்கவில்லை. அது என் கவனக்குறைவு. ஒத்துக்கொள்கிறேன். அவன் குனிந்துவிட்டான். தலைப்பாகை மட்டும் கிளையில் தங்கிவிட்டது.

மண்டபத்தில் ஒரே கூச்சல். வேலுசாமி தலையில் கை வைத்துக்கொண்டு, "எந்தப் பக்கமுங்க போச்சு, எந்தப் பக்கமுங்க போச்சு" என்று எல்லாரையும் கேட்டார். வெடிப் புகையில் ஒருவருக்கும் சரியாகத் தெரியவில்லை. கிளியூர் பக்கம் போன மாதிரி இருந்தது என்று நான் சொன்னேன். மூன்று கார்கள் கிளியூருக்குப் போயின. வந்தவர்களைப் பட்டினி போடக் கூடாது என்று முதல் பந்தியைப் போடச் சொன்னேன். வடை ஆறிப்போனால் யாருக்கு லாபம்.

கவிப்பிரியா மணப்பெண் அறையிலிருந்து மாலையோடு வெளியே வந்தாள். அழவில்லை. சென்றாயன் வாசலில் இடிந்துபோய் உட்கார்ந்திருந்தார்.

"அண்ணா, சேணத்துக்கு அடில என்ன போட்டீங்க?"

"சாக்குதானுங்க டாக்டரம்மா. என் கையால மடிச்சுப் போட்டனுங்க."

"கம்பளி போட்டு எப்பவாச்சும் பாத்தீங்களா?"

சென்றாயன் என்னைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "பாத்தமுங்க. மூணு தடவயும் நாகலூருக்குத்தானுங்க ஓடுச்சு" என்றார்.

அவள் மணி பார்த்தாள். கூரைப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மருத்துவப் பையை எடுத்து மாட்டி, சென்றாயனைப் பின்னால் ஏற்றிக்கொண்டு ஸ்கூட்டரைக் கிளப்பினாள். கழுத்தில் மாலை அப்படியே இருந்தது.

நாகலூரில் நடந்ததைச் சென்றாயன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். எஸ்டேட் கேட் முன்னால் மின்னல் மேய்ந்துகொண்டிருந்ததாம். மேலே நவீன். இறங்க முடியவில்லை. வேலைக்கு வந்த பெண்கள் சுற்றி நின்று அவனுக்குத் தண்ணீர் கொடுத்து, இது எந்த ஊர் வழக்கம் என்று கேட்டுக்கொண்டிருந்தார்களாம். கவிப்பிரியா முதலில் குதிரையின் நான்கு கால்களையும் தடவிப் பார்த்தாள். பிறகு சேணத்துக்கு அடியில் கையை விட்டுப் பார்த்தாள். அதற்குப் பிறகுதான் மாப்பிள்ளையைப் பார்த்தாளாம். முடிச்சை அவிழ்க்கப் பார்த்து முடியாமல், பையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்து வெட்டி இறக்கினாள். பிறகு அப்பாவுக்குப் போன் செய்தாள். "கிளியூர்ல என்னப்பா பண்றீங்க? தாலிய எடுத்துட்டு நாகலூர் வாங்க. இன்னும் நேரம் இருக்குது."

பத்து இருபத்தாறுக்கு, அங்கே ரோட்டோர மாரியம்மன் கோயிலில், எஸ்டேட் பெண்கள் குலவையிட, தாலி கட்டினான். நான் அந்த நேரத்தில் மண்டபத்தில் இரண்டாம் பந்திக்குப் பாயசம் சரியாகப் போகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

யாரோ போனில் படம் காட்டினார்கள். நன்றாக வந்திருந்தது. குதிரையும் இருந்தது. நவீன் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தான். அவன் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. வெயில் கண்ணில் பட்டிருக்கும்.

மதியத்துக்கு மேல் வீட்டுக்கு வந்தான், தனியாக.

"பயந்துட்டியா சாமி?" என்று கேட்டேன்.

"மொத வளைவு வரைக்கும் பயமா இருந்துச்சும்மா. பொறவு..." கொஞ்சம் யோசித்தான். "பொறவு நொம்ப நல்லா இருந்துச்சு."

அங்கவஸ்திரத்தின் வெட்டிய துண்டை மேசைமேல் வைத்தான். முடிச்சு அப்படியே இருந்தது. "இது என் டிபன் பைக்கு நீ போடற முடிச்சும்மா. நாந்தான் தெனமும் ஆபீஸ்ல இத அவுக்க முடியாம பல்லுல கடிப்பனே. எனக்குத் தெரியாதா?"

"நீ உழுந்தறக் கூடாதுன்னுதான் கண்ணு."

அவன் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தான். கோபமாகப் பார்த்திருந்தால் பதில் சொல்லியிருப்பேன். பிறகு உள்ளே போய் நான்கு சட்டைகளை எடுத்துக்கொண்டான். அவனாகவே எடுத்தான், இரண்டு இஸ்திரி போடாதவை. இப்போது அவர்கள் கவிப்பிரியாவின் குவார்ட்டர்ஸில் இருக்கிறார்கள்.

வேலுசாமி சென்றாயன்மேல் புகார் கொடுத்தார். அடங்காத குதிரையைக் கல்யாணத்துக்கு விட்டார் என்று. மூன்று நாளாக அந்த மனிதர் காலையில் வந்து மாலைவரை உங்கள் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டுப் போகிறார். சாக்கு போட்டேன் என்பதைத் தவிர வேறு எதுவும் அவர் சொல்லவில்லை என்று நீங்களே சொன்னீர்கள். பொங்கல் சாப்பிடப் போனதை அவர் சொல்லவில்லை. எண்ணெய் டின்னைச் சொல்லவில்லை. மின்னலை ஏரிக்கரைக்கு விடக் கூடாது என்று தடை. நவீனும் கவிப்பிரியாவும்கூட என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. திட்டியிருந்தால் நானும் திருப்பித் திட்டியிருப்பேன், அதோடு போயிருக்கும். பேசாமல் இருக்கிறவர்களிடம் என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

நேற்றுக் காலை கவிப்பிரியா வந்தாள். வாசலிலேயே நின்றாள்.

"கம்பளி நல்ல கம்பளிங்க அத்தை. அத்தன வேகமா ஓடியும் முதுகுல ஒரு சின்னச் செவப்புகூட இல்ல. அதச் சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

"காப்பி குடிச்சுட்டுப் போ."

"இன்னொரு நாளைக்குங்க." படி இறங்கியவள் திரும்பினாள். "சென்றாயன் அண்ணன் இன்னைக்கும் ஸ்டேஷன்லதான் உக்காந்திருக்காருங்க. நீங்களாப் போனா நல்லா இருக்கும். நாங்க சொல்லி நீங்க போனதா இருக்க வேண்டாம்."

அதனால்தான் வந்தேன், அவள் திண்ணையில் வைத்துவிட்டுப் போன கம்பளியோடு. அவள் சொல்லி வரவில்லை. நானாகவே வந்தேன் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

தாள் கொடுக்கும்போது நீங்கள் ஒன்று கேட்டீர்கள். "குதிர ஓடும்னு தெரியாதுன்னா, எதுக்குங்க டீச்சர் பையனச் சேணத்தோட சேத்துக் கட்டுனீங்க?" நான் தாளை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். நல்ல கேள்வி. ஏழாம் வகுப்பில் நீங்கள் இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை.

தெரியும். ஓடும் என்று தெரியும், எங்கே போய் நிற்கும் என்று தெரியும், எத்தனை நிமிடம் என்றும் தெரியும். போய் வந்து சேர்வதற்குள் முகூர்த்தம் தப்பிவிடும் என்று கணக்குப் போட்டிருந்தேன். ஸ்கூட்டரை நான் கணக்கில் சேர்க்கவில்லை. சாக்கை எடுத்தது நான், கம்பளியைப் போட்டது நான், வெடிக்கு இடம் காட்டியது நான், முடிச்சுப் போட்டது நான், கிளியூர் என்று பொய் சொன்னதும் நான். சென்றாயன்மேல் ஒரு குற்றமும் இல்லை; குதிரைமேலும் இல்லை. என்ன பிரிவு போடவேண்டுமோ போட்டுக்கொள்ளுங்கள்.

ஒன்று மட்டும் தவறாக எழுதிவிடாதீர்கள். என் மகனுக்குக் கல்யாணமே வேண்டாம் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. கொஞ்சம் விவரம் தெரியட்டும், அவசரம் என்ன என்றுதான் பார்த்தேன். சின்னப் பையன், வருகிற தையில்தான் அவனுக்கு நாற்பத்து நான்கு முடிகிறது.